டைரக்டர் யார், ஸார்?

படத்தில் நடிப்பது யார் என்றுதானே நீங்கள் முதலில் கேட்பீர்கள்? பட முதலாளியின் முதல் கவலை வேறு: 'டைரக்டர் யார்?' பணத்தை நம்பி ஒப்படைக்க வேண்டுமே!

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தைத் தரிசிக்கத் தவித்த நந்தனாரின் கதை 1935-ல் 'பக்த நந்தனார்' என்று படமாயிற்று. கணவர் கிட்டப்பாவை 1933-ல் இழந்திருந்த கே. பி. சுந்தராம்பாள்தான் நந்தனார். சம்பளம் லட்ச ரூபாய்! அன்றைக்கு ஊரே வாயைப் பிளந்த தொகை. இத்தனை பணம் புரண்ட படத்தின் பொறுப்பு டைரக்டர் மாணிக்லால் டாண்டன் தலையில்.

அதே காலத்தில் 'சதி லீலாவதி' எடுக்க முனைந்தவர்களும் டாண்டனையே அணுகினார்கள். அவரோ, அமெரிக்காவில் தம்மோடு சினிமாக் கலை படித்த எல்லிஸ் டங்கனைச் சிபாரிசு செய்தார். டங்கனுக்குத் தமிழே தெரியாது! இருந்தும் அந்தச் சொல்லை நம்பி வேலையைக் கொடுத்தார்கள். 1936-ல் வெளிவந்த அந்தப் படத்தில்தான் சிறு வேடத்தில் எம்.ஜி.ஆர். அறிமுகமானார். டங்கனோ 'சகுந்தலை', 'மீரா' என்று வளர்ந்து, 1950-ல் 'மந்திரி குமாரி' வரை வந்துவிட்டார்.

கல்யாணத்துக்குச் சமையற்காரரை நீங்கள் எப்படி அமர்த்துகிறீர்கள்? முன்பே சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டுத்தானே? பட முதலாளியும் அப்படித்தான்!