வௌவாலுக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்!

‘வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தா நீயும் தொங்கு, நானும் தொங்கு’ என்பாள் எங்கள் பாட்டி. மாசக் கடைசியில் மச்சினன் குடும்பத்தோடு வந்து இறங்கும்போதெல்லாம் அந்தப் பழமொழியின் அருமை எனக்குப் புரியும். வௌவாலின் அருமை புரியத்தான் 2020 வரை ஆகிவிட்டது.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய ஆலமரம். அதில் நூறு, நூற்றைம்பது பழந்தின்னி வௌவால்கள், காயப் போட்ட கறுப்புக் குடை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். இறக்கையை விரித்தால் ஒவ்வொன்றும் நாலடி!

கொரோனா நேரம். “எல்லாம் இதுங்களாலதான் சார் வந்தது” என்று நாலு பேர் ஒரு பேப்பரை நீட்டினார்கள். மரத்தைக் கழிக்கச் சொல்லி மனு. நானும் போட்டேன் கையெழுத்து. பதினோராவது கையெழுத்து என்னுடையது. ஒரே வாரத்தில் ஆட்கள் வந்து கிளைகளைக் கழித்துப் போட்டார்கள். மூன்று ராத்திரி அந்த மொட்டை மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தன வௌவால்கள். நாலாம் நாள் காணோம்.

மனசு உறுத்தியது. படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம். எதையும் பற்று, வரவு என்று பிரித்து எழுதினால்தான் மண்டையில் ஏறும்.

முதலில் பற்று. நாற்றம் அடிக்கும், உண்மை. பழத்தோட்டத்தில் கை வைக்கும், அதுவும் உண்மை. 2018-ல் கேரளத்தில் 17 உயிர்களைக் குடித்த நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் இருப்பதுதான். ஆகவே வௌவால் கடித்துப் போட்ட பழத்தைத் தொடாதீர்கள். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலையும் வெறும் கையால் எடுக்காதீர்கள்.

ஆனால் கொரோனா? அதற்கு நெருங்கிய சொந்தமான வைரஸ் சிக்கியது சீனாவின் குதிரைலாட வௌவால்களிடம். எங்கள் ஆலமரத்து ஆசாமி வேறு இனம். இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா என்ற வைரஸை வருஷக்கணக்கில் ஆராய்ந்து 2022-ல் எழுதினார்கள். காடு போய், தீனியும் குறைந்து, வௌவால்கள் ஊர்ப்பக்கம் ஒதுங்கிய காலத்தில்தான் அது குதிரைகளுக்கு அதிகமாகத் தாவியதாம். அதாவது, விரட்டினால்தான் வினை. என் கையெழுத்து எந்தப் பத்தியில் போய் உட்கார்ந்தது, பார்த்தீர்களா?

இப்போது வரவு. பாலூட்டிகளில் பறக்கத் தெரிந்த ஒரே ஜாதி இதுதான். உலகத்தில் 1,400-க்கு மேற்பட்ட வகை. பெரும்பாலானவை பூச்சி தின்னிகள். அமெரிக்க விவசாயத்துக்கு இவை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் தொகை வருஷத்துக்குக் குறைந்தது 370 கோடி டாலர் என்று 2011-ல் கணக்குப் போட்டார்கள். சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது, நைட் ஷிப்ட் வேறு!

அந்த வேலைக்காரன் நின்றுவிட்டால்? 2006 முதல் அங்கே ஒரு பூஞ்சை நோய் வந்து லட்சக்கணக்கில் வௌவால்கள் செத்தன. அவை செத்த வட்டாரங்களில் விவசாயிகள் பூச்சிமருந்தை 31 சதவிகிதம் கூட்டி அடித்தார்கள். அங்கே பச்சைக் குழந்தைகளின் சாவு ஏறத்தாழ 8 சதவிகிதம் கூடியது என்று 2024-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதைப் படித்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம்ம பழந்தின்னி? ஆல், அத்தி, இலுப்பை விதைகளைக் கூலி வாங்காமல் ஊர் ஊராக விதைக்கிறது. வாயாலேயே கழிக்கும் என்று ஊரில் சொல்வது சுத்தப் பொய். கட்டை விரலால் கிளையைப் பிடித்து, நிமிர்ந்து தொங்கி, நாகரிகமாகக் காரியத்தை முடிக்கிற பிராணி அது! கண் தெரியாது என்பதும் பொய். பழத்தைத் தேடுவது கண்ணாலும் மூக்காலும்தான். பாவம், வருஷத்துக்கு ஒரே குட்டி. போனால் திரும்ப நிரம்ப வெகுகாலம் ஆகும்.

நம் ஃபைல்களின் லட்சணமும் கேளுங்கள். 1948-ல் தேனி பக்கத்து மேகமலையில் பிடித்த ஒரு வௌவாலைச் சாதாரண வகை என்று தப்பாக எழுதி பம்பாயில் வைத்துவிட்டார்கள். 24 வருஷம் தூங்கியது. 1972-ல்தான் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தொங்லோங்யா அதைப் புது இனம் என்று கண்டுபிடித்து, சலீம் அலியின் பெயரை வைத்தார். அதே 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்காயோடு ‘தொல்லைப் பிராணி’ப் பட்டியலில் சேர்த்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம்! 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரலில்தான் அந்தப் பட்டியலே ஒழிந்தது. ஐம்பது வருஷம், சார்!

சட்டத்துக்குக் காத்திராத ஊர்களும் உண்டு. கோவை மாவட்டம் கிட்டாம்பாளையத்தில் வௌவால்கள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள்கூடக் கேட்பதில்லையாம். நான் பி.காம் படித்தும் பதினோராவது கையெழுத்து.

எங்கள் ஆலமரம் மறுபடி துளிர்த்துவிட்டது. தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் நிற்கிறேன். “ஏங்க, அண்ணாந்து என்னத்தப் பாக்கறீங்க?” என்கிறாள் மனைவி.

“கணக்குப் பாக்கறேம்மா.”

போன வாரம் மூன்று வந்தன. இன்னும் நூற்றுச் சொச்சம் பாக்கி.