காலியாக விட்ட இடத்தில் கசிந்த கடவுச்சொல்

கட்டளை வரியிலிருந்து இணையத்தில் ஒரு கோப்பை இறக்கவோ ஏற்றவோ வேண்டுமென்றால் புரோகிராமர்களின் விரல் முதலில் தட்டுவது 'கர்ல்'. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் இந்தப் பெயரில் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. இன்று மேக்கிலும் விண்டோஸிலும்கூட கணினியோடு சேர்ந்தே வருகிறது. 2024 டிசம்பர் 11 அன்று இதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டது; அதன் அடையாள எண் சிவிஇ-2024-11053. 2000-ஆம் ஆண்டில் வந்த 6.5 பதிப்பு முதல் 8.11.0 வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது உள்ளேயே இருந்திருக்கிறது.

ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் தட்டாமல் இருக்க, 'நெட்ஆர்சி' என்றொரு கோப்பில் தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் எழுதி வைப்பார்கள். அதைப் படித்துக்கொள்ளச் சொன்னால் கர்ல் படித்துக்கொள்ளும். சில சமயம் நாம் கேட்ட தளம், "அந்தக் கோப்பு இங்கே இல்லை, வேறு தளத்துக்குப் போ" என்று ரீடைரக்ட் செய்யும். அப்படிப் போகும்போது முதல் தளத்தின் கடவுச்சொல்லை இரண்டாவதிடம் காட்டக் கூடாது என்பது கர்லின் விதி.

அந்த விதி ஓர் இடத்தில் சறுக்கியது. இரண்டாவது தளத்தின் பெயரும் நெட்ஆர்சியில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பயனர் பெயர் மட்டுமே உண்டு, கடவுச்சொல் இல்லை என்று வையுங்கள். இல்லாததை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளாமல், கையில் ஏற்கெனவே இருந்த முதல் தளத்தின் கடவுச்சொல்லை கர்ல் அங்கே கொடுத்துவிட்டது. கர்ல் எழுதப்பட்டிருக்கும் சி மொழியில் வழக்கமாக வரும் நினைவகக் கோளாறு அல்ல இது, தர்க்கப் பிழை. மொழியை மாற்றி எழுதியிருந்தாலும் வந்திருக்கும்.

இத்தனை நிபந்தனைகளும் ஒன்றுகூடுவது அரிது என்பதால் கர்ல் குழு இதைக் 'குறைந்த தீவிரம்' என்றது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா அதன் தீவிரத்துக்கு முதலில் போட்ட மதிப்பெண்ணோ 10-க்கு 9.1. பிறகு அதைக் குறைத்தது. நிரலை அறிந்தவர்களின் கணிப்பே சரி என்பேன். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஓடும் பாதுகாப்புப் பிரிவுகள் இப்படித்தான் வீணாக அலைக்கழிக்கப்படுகின்றன. அதற்காக ஓட்டையை அலட்சியம் செய்யலாம் என்றில்லை. கசிந்தால் கசிவது முழுக் கடவுச்சொல்.

8.11.1 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கசிவு 2025 பிப்ரவரியில் வந்த 8.12.0-இல் அடைக்கப்பட்டது. லினக்ஸ் விநியோகங்கள் பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் சேர்ப்பதுண்டு. எனவே எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல் பாதுகாப்பு அறிவிப்பையும் பாருங்கள். உடனே புதுப்பிக்க முடியாதவர்கள் நெட்ஆர்சியையும் ரீடைரக்டையும் ஒரே கட்டளையில் சேர்க்காதீர்கள். நெட்ஆர்சி கோப்பை இன்றே திறந்து, கடவுச்சொல் இல்லாமல் அரைகுறையாகக் கிடக்கும் வரிகளை நிரப்புங்கள், அல்லது நீக்கிவிடுங்கள்.