பன்னிரண்டு சொற்களில் பூட்டிய பணம்

2017ஆம் ஆண்டின் இறுதியில் பிட்காயின் ஒன்றின் விலை இருபதாயிரம் டாலரை நெருங்கியபோது, வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலரும் கைச்செலவுப் பணத்தில் கொஞ்சம் வாங்கிப் போட்டார்கள். அடுத்த ஏப்ரலில், இந்த வியாபாரத்துக்கு வங்கிகள் துணைபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குள் பிள்ளைகள் படிப்பு, வேலை, கல்யாணம் என்று போய்விட்டார்கள். வாங்கியது எங்கே என்று இன்று கேட்டால், "பழைய போனில் இருந்தது, அந்தப் போன் இப்போது இல்லை" என்கிறார்கள்.

போன் போனால் போகட்டும். வீட்டில் ஒரு தாள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள் என்கிறோம். பழைய டைரியிலோ, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பார்வைக்குப் பள்ளிப் பிள்ளை எழுதிய டிக்டேஷன் போல இருக்கும். பொட்டலம் மடிக்கும் காகிதத்தோடு அது போய்விடக் கூடாது. 'சீட் பிரேஸ்' எனப்படும் மீட்புச் சொற்கள் அவை.

எக்ஸ்சேஞ்ச் கம்பெனியில் கணக்கு வைத்து, அங்கேயே விட்டுவைத்தவர்களிடம் இப்படித் தாள் இருக்காது. அவர்கள் அந்தக் கம்பெனியிடமே பழைய ஈமெயில், பான் கார்டு கொண்டு கேட்க வேண்டியதுதான். நாம் பேசுவது, சொந்த வாலட்டில் வைத்திருந்தவர்களைப் பற்றி.

பணம் போனுக்குள் இருந்ததாக எண்ண வேண்டாம். பிட்காயின் என்பது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி எழுதப்பட்டு வரும் ஒரு பேரேடு. எந்த முகவரியில் எவ்வளவு இருப்பு என்பது அதில் நிற்கிறது. வாலட் என்பது அந்த இருப்பை எடுக்க உதவும் சாவிக்கொத்து மட்டுமே. சாவி என்றால் மிக நீண்ட எண். துணிக்கடைகளில் அடக்க விலையைச் சங்கேத எழுத்தில் எழுதி ஒட்டுவார்களே, அதுபோல அந்த எண்ணைச் சொற்களாக எழுதியதே நம் கையில் உள்ள தாள். 2013இல் வகுக்கப்பட்ட பி.ஐ.பி. 39 என்ற முறையில் இதற்கென 2048 ஆங்கிலச் சொற்கள் உண்டு. 'அபாண்டன்' முதலாவது, 'ஜூ' கடைசி. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வராதபடி பொறுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே எண்ணெய் பட்டு மங்கிய தாளில் முன்னெழுத்துகள் தெரிந்தாலே சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிஸ்கட் பாக்கெட் பார்கோடின் கடைசி எண்ணும், நம் ஜி.எஸ்.டி. எண்ணின் பதினைந்தாவது எழுத்தும் முன்னுள்ளவற்றைச் சரிபார்ப்பதற்காக இருப்பவை. இங்கும் கடைசிச் சொல்லுக்குள் அப்படி ஒரு சரிபார்ப்பு உண்டு. ஆனால் பன்னிரண்டு சொல் தாளில் அது அவ்வளவு கறாரானதல்ல. ஒரு சொல் மாறிப்போனாலும் பதினாறில் ஒரு பங்கு வாய்ப்பில் சரி என்று ஏற்றுக்கொண்டு, காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டிவிடும்.

இங்கேதான் பலர் மனம் உடைகிறார்கள். சொற்களைப் போடுகிறார்கள், வாலட் திறக்கிறது, இருப்பு பூஜ்யம் என்று வருகிறது. உடனே தாளைக் கிழித்துவிடக் கூடாது. ஒரே சொற்களிலிருந்து பல கிளைகளாகச் சாவிகள் பிறக்கும். பழைய வாலட் '1' என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்திருக்கும். புதியது 'பிசி1' என்று தொடங்கும் முகவரிகளில் மட்டும் தேடும். நடுவில் '3' என்று தொடங்கும் வகையும் ஒன்று உண்டு. வாலட்டின் அமைப்புப் பகுதியில் முகவரி வகையை மாற்றிப் பார்த்தால் இருப்பு தெரிய வரலாம். சிலர் சொற்களோடு தாமாக ஒரு ரகசியச் சொல்லையும் சேர்த்திருப்பார்கள். அதைத் தவறாகப் போட்டாலும் 'தவறு' என்று எந்த வாலட்டும் சொல்லாது. வேறொரு காலி வாலட்டைத்தான் காட்டும்.

இன்னொரு சிக்கல், எந்த வாலட் எழுதிக் கொடுத்த சொற்கள் என்பது. 2011இல் வந்த எலக்ட்ரம் என்ற வாலட்டின் பழைய பட்டியலில் 1626 சொற்களே இருந்தன. 2015 முதல் அது 2048 சொல் பட்டியலுக்கு மாறியது. என்றாலும் சரிபார்க்கும் முறை பி.ஐ.பி. 39 அல்ல. எலக்ட்ரம் தாளை வேறு வாலட்டில் போட்டால் பெரும்பாலும் ஏற்காது. எலக்ட்ரத்திலேயே போட்டால் திறந்துகொள்ளும். எனவே தாளை எழுதியவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, எந்த வாலட், எந்த ஆண்டு என்பதே. அவர் காலமாகிவிட்டிருந்தால் அவருடைய பழைய ஈமெயில்களில் பெறுமுகவரி ஒன்றாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். அந்த முகவரியில் இருப்பு உண்டா என்பதை, சொற்கள் இல்லாமலே பொதுப் பேரேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு, இதற்குக் கிடையாது. தாள்தான் வாரிசுரிமை.

பன்னிரண்டில் ஒரு சொல் அழிந்திருந்தால் பயமில்லை. 2048 சொற்களையும் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 128 மட்டுமே சரிபார்ப்பில் தேறும். இரண்டு சொற்கள் அழிந்தால் ஏறத்தாழ 42 லட்சம் வகை; கம்ப்யூட்டருக்கு அதுவும் பெரிதல்ல. சொற்கள் எல்லாம் இருந்து வரிசை மட்டும் குலைந்தால் 47,90,01,600 வகை. மலைப்பாகத் தோன்றினாலும் இதுவும் முடிகிற காரியமே. 'பி.டி.சி. ரிகவர்' என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. பழைய முகவரி ஒன்று கையில் இருந்தால் வேலை சுலபம். நான்கு சொற்கள் போனால் கணக்கு 17 லட்சம் கோடிக்கு மேல் போய்விடுகிறது. அது வீட்டுக் கம்ப்யூட்டரில் எளிதாக முடிகிற காரியமல்ல.

இந்த முறை வருமுன் தாள் தொலைத்தவர்கள் பாடு பரிதாபம். ஸ்டீபன் தாமஸ் என்ற மென்பொருள் பொறியாளருக்கு 2011இல் 7002 பிட்காயின் கிடைத்தது. சாவிகளை ஒரு பென் டிரைவில் பூட்டி வைத்தார். கடவுச்சொல் எழுதிய தாள் தொலைந்தது. பத்து முறை தவறினால் உள்ளிருப்பது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எட்டு முறை தீர்ந்துவிட்டதாக 2021 ஜனவரியில் செய்தி வந்து உலகமே பேசிற்று.

தாள் கிடைத்த பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. சொற்களைப் போட்டோ எடுக்க வேண்டாம்; வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். இணைய இணைப்பைத் துண்டித்த கம்ப்யூட்டரில், வாலட் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து முன்பே இறக்கி வைத்த மென்பொருளில் போட்டுப் பார்ப்பது நல்லது. "மீட்டுத் தருகிறோம், சொற்களை அனுப்புங்கள், முன்பணம் கட்டுங்கள்" என்று வருகிறவனிடம் கொடுத்தால், கல்லாச் சாவியைத் தெருவில் போகிறவன் கையில் கொடுத்ததற்குச் சமம். எடுத்தவனைக் கேட்கவும் முடியாது, பேரேட்டில் திருத்தவும் முடியாது.

வேறொரு தந்திரமும் நடக்கிறது. "எனக்கு எடுக்கத் தெரியவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்பின் தெரியாதவன் பன்னிரண்டு சொற்களை அனுப்புவான். திறந்தால் ஆயிரக்கணக்கான டாலர் தெரியும். எடுக்கச் சிறிது கட்டணம் வேண்டும் என்று காட்டும். நாம் அந்தக் கட்டணத்தைப் போட்ட நொடியில் அது மட்டும் காணாமல் போகும்.

மீட்டதைப் பழைய வாலட்டிலேயே விடாமல், புதிய சொற்கள் கொண்ட வாலட்டுக்கு உடனே மாற்றிவிடுங்கள். 2017 ஆகஸ்டு 1க்கு முன்பிருந்தே அசையாமல் கிடந்த இருப்பானால், அதே சாவிக்கு பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயமும் உண்டு. பிட்காயினை முழுவதும் மாற்றிய பின்பே அதைத் தேடிப் போகலாம்.

விற்று ரூபாயாக்கினால், 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, செஸ் தனி. வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால், பணம் போன நாளின் பழைய வங்கி ஸ்டேட்மெண்டையும் இப்போதே எடுத்து ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.