நாம் தேர்ந்தெடுக்காத உலாவி

கல்லூரியில் 33 ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் நான். விலை, தரம், விருப்பம் ஆகியவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தே நுகர்வோர் ஒரு பொருளைத் தெரிவு செய்கிறார் என்று கரும்பலகையில் வளைகோடுகள் வரைந்து ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு திருமண அழைப்பிதழ் கொடுக்க வந்த முன்னாள் மாணவர் ஒருவர், என் மடிக்கணினியைப் பார்த்துவிட்டு, "எதனால் சார் இந்தப் பிரௌசரைப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. கணினி வாங்கியபோது கடைக்காரர் எதைப் பதிந்து கொடுத்தாரோ, அதையே ஏழு ஆண்டுகளாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் என் கணினியைப் பார்க்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன், பஞ்சாங்கம் பார்ப்பதற்காக ஓர் இணையதளத்தைத் திறந்தேன். "அனுமதிக்கவும்" என்று ஒரு சிறு கட்டம் எழுந்தது. அழுத்தினால்தான் பக்கம் திறக்கும் போலும் என்று எண்ணி அழுத்திவிட்டேன். மறுநாளிலிருந்து திரையின் ஓரத்தில், "உங்கள் கணினியை வைரஸ் தாக்கியுள்ளது" என்னும் எச்சரிக்கை நாள்தோறும் வரத் தொடங்கியது. கூடவே ஒரு தொலைபேசி எண். ஒரு நாள் அந்த எண்ணை அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் மிகுந்த மரியாதையுடன் ஒரு மென்பொருளைப் பதிவிறக்கச் சொன்னார். தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் மென்பொருள் அது என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது. "யாருங்க அது? நம்ம கம்ப்யூட்டருக்குள்ள அவனுக்கு என்ன வேலை?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டதால் இணைப்பைத் துண்டித்தேன். ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு அப்போது பக்கத்துத் தாவலில் திறந்திருந்தது.

வைரஸ் எதுவும் இருக்கவில்லை. அந்தத் தளத்துக்கு நானே கொடுத்த அனுமதியின் பேரில் உலாவி காட்டிய அறிவிப்புகளே அவை. மாணவர் அமைப்புகள் பகுதிக்குச் சென்று இரண்டு நிமிடத்தில் அதை நீக்கினார். அவர் கேட்ட கேள்வியைத்தான் என்னால் நீக்க முடியவில்லை.

உலாவி என்பது வங்கி, வருமான வரி, மருத்துவமனை முன்பதிவு, செய்தித்தாள், கடிதப் போக்குவரத்து அனைத்துக்கும் இன்று நாம் நுழையும் ஒரே வாசல். செருப்பு வாங்கக்கூட நான்கு கடை ஏறி இறங்கும் நாம், இந்த வாசலை மட்டும் யார் வைத்துக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். இது சோம்பலால் மட்டும் நேர்வதன்று. முன்கூட்டியே அமைத்துத் தரப்பட்டதை மாற்றாமல் விட்டுவிடும் மனப்போக்கைப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். சாமுவேல்சனும் செக்ஹவுசரும் 1988-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. அதன்பின் மேட்ரியன், ஷே ஆகிய இருவர் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஓய்வுக்கால சேமிப்புத் திட்டத்தை ஆராய்ந்து 2001-இல் எழுதினர். விண்ணப்பித்தால் சேரலாம் என்றிருந்தபோது புதிய ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே சேர்ந்தனர். தாமாகவே சேர்க்கப்படுவர், வேண்டாதவர் விலகலாம் என்று மாற்றியபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் திட்டத்தில் நீடித்தனர். திட்டம் அதேதான், பலனும் அதேதான். மாறியது முன்னமைவு மட்டுமே.

இந்த மனப்போக்குக்கு ஒரு சந்தை விலை உண்டு. அதை அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் காணலாம். ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவியில் தன் தேடுபொறியே முன்னமைவாக இருக்க வேண்டும் என்பதற்காக, 2022-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. மாற்றிக்கொள்ளும் பொத்தான் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் தொட மாட்டார்கள் என்பதற்கே இந்தப் பணம். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, இத்தகைய ஒப்பந்தங்கள் மூலம் கூகுள் தேடல் சந்தையில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். குரோம் உலாவியை விற்றுவிட வேண்டும் என்று அரசுத் தரப்பு கோரியது. 2025 செப்டம்பரில் வெளியான ஆணை அந்த அளவுக்குப் போகவில்லை. பிற தேடுபொறிகளுக்கு இடமளிக்காத ஒப்பந்தங்களைத் தடை செய்தது. முன்னமைவுக்காகப் பணம் கொடுப்பதைத் தடை செய்யவில்லை. இவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பெர்பிளெக்சிட்டி என்னும் இளம் நிறுவனம் குரோமை 3,450 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தது. அந்த விலைக்கேட்பு விளம்பர உத்தியே என்று பலர் கருதினர். எனினும், இலவசமாகக் கிடைக்கும் ஒரு பொருளுக்கு அவ்வளவு விலை கேட்கப்படுகிறது என்றால், அதில் விற்பனைக்கு உள்ள சரக்கு உலாவி அன்று என்பதை என் முதலாண்டு மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இந்த நாடகம் முதன்முறையாக நடப்பதும் அன்று. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் என்னும் உலாவி கோலோச்சியது. நிறுவனங்கள் அதை விலை கொடுத்து வாங்கின. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாக வழங்கியது. நெட்ஸ்கேப் வீழ்ந்தது. 1998-இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற ஆணை 2001-இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது; ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவு மட்டும் நிலைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியைக் கையாண்டது. 2010 முதல் விண்டோஸ் பயனர்களுக்கு உலாவிகளின் பட்டியல் ஒன்றைக் காட்டித் தெரிவு செய்யச் சொல்லும் ஏற்பாட்டுக்கு மைக்ரோசாஃப்டை ஒப்புக்கொள்ள வைத்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பயனர்களுக்கு அந்தப் பட்டியல் காட்டப்படவில்லை என்று தெரியவந்ததும், 2013-இல் 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

போட்டியாளர் இல்லாத சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு அக்காலமே பாடம். எக்ஸ்புளோரரின் 6-ஆம் பதிப்பு 2001-இல் வந்தது. 7-ஆம் பதிப்பு வர 2006 ஆயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பாதுகாப்பு ஓட்டைகள் பெருகின. இணையதளங்களை அந்த ஒரு உலாவிக்கு மட்டுமே வடிவமைக்கும் வழக்கம் ஊன்றியது. நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த ஃபயர்ஃபாக்ஸ் 2004-இல் வந்திராவிட்டால் அந்தத் தேக்கம் இன்னும் நீண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். 2008-இல் குரோம் வந்தது. அது விரைவாக இயங்கியது. ஒரு தாவல் முடங்கினால் மற்றவை முடங்கவில்லை. தகுதியால் வென்றது என்பதை மறுப்பதற்கில்லை. தகுதியால் வென்றவர் பின்னர் முன்னமைவால் நிலைபெறுவதே இத்துறையின் வரலாறு.

இன்று உலகில் மூன்றில் இரண்டு பங்கு இணையப் பயன்பாடு குரோம் வழியே நடக்கிறது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எனப் பல பெயர்கள் கண்ணில் படுகின்றனவே என்று வாசகர் கேட்கலாம். இவை அனைத்தும் கூகுள் முன்னின்று நடத்தும் குரோமியம் என்னும் திறந்த மூல நிரலின்மேல் கட்டப்பட்டவை. வண்டியின் கூண்டு வேறு; எஞ்சின் ஒன்றே. வேறு எஞ்சினில் ஓடுபவற்றுள் பலரும் பயன்படுத்துபவை ஆப்பிளின் சஃபாரியும் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸும்தான். மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, தேடல் முன்னமைவுக்காகக் கூகுள் கொடுக்கும் பணம் என்பது இக்கதையில் உள்ள கசப்பான நகைச்சுவை. ஐஃபோனில் வேறு உலாவியைப் பதிந்துகொள்பவர்களுக்கும் ஒரு செய்தி: ஐரோப்பிய ஒன்றியம் போன்று சட்டம் வலியுறுத்தும் இடங்கள் நீங்கலாக, ஐஃபோன் உலாவிகள் எந்தப் பெயரில் வந்தாலும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினில்தான் ஓடி வந்துள்ளன.

நம் நாட்டிலும் இது பேசப்பட்டதுதான். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் குரோம் உள்ளிட்ட செயலிகளை முன்கூட்டியே பதிந்து தரச் செய்தது தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு தீர்ப்பாயம் ஆணையின் சில பகுதிகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதிசெய்தது. உள்நாட்டு உலாவி ஒன்றை உருவாக்க 2023-இல் மத்திய அரசு தொடங்கிய போட்டியில், தமிழ்ப் பெயர் தாங்கிய 'உலா' என்னும் உலாவியை உருவாக்கிய ஸோஹோ நிறுவனம் வென்றது. அதுவும் குரோமியத்தின்மேல் கட்டப்பட்டதே. பெருமைப்படுவதில் தவறில்லை, எஞ்சின் யாருடையது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எனில், எதைத் தெரிவு செய்வது? வேகத்தில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு அன்றாடப் பயன்பாட்டில் நம் போன்றோர் உணரும் அளவுக்கு இல்லை. வேறுபாடு இருப்பது, உலாவியை அளிப்பவரின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதில். நாம் ஒரு தளத்தில் பார்த்த பொருளின் விளம்பரம் மறுநாள் வேறு தளத்தில் நம்மைத் துரத்தி வருகிறதல்லவா? அதற்கு உதவுபவை, பிற நிறுவனங்கள் நம் கணினியில் விட்டுச்செல்லும் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்புகள். சஃபாரி 2020-இலேயே அவற்றை முழுமையாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்தது. கூகுளும் 2020-இல், இரண்டு ஆண்டுகளில் அவற்றை ஒழிப்பதாக அறிவித்தது. காலக்கெடுவை மீண்டும் மீண்டும் தள்ளிவைத்தது. 2024-இல் அத்திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் விளம்பரத்தின் வேரைத் தானே வெட்டும் என்று எதிர்பார்த்தது நம் பிழை. விளம்பரத் தடுப்புக்குப் பலரும் நம்பியிருந்த யூபிளாக் ஆரிஜின் என்னும் நீட்சியும், நீட்சிகளுக்கான விதிகள் மாற்றப்பட்டபின் குரோமில் முன்போல் இயங்குவதில்லை; ஃபயர்ஃபாக்ஸில் இயங்குகிறது.

'மறைநிலை' சாளரத்தில் உலாவினால் யாருக்கும் தெரியாது என்று நம்புவோர் பலர். அது வீட்டிலுள்ள பிறர் வரலாற்றுப் பட்டியலைப் பார்க்காமல் தடுக்கும். இணைய சேவை நிறுவனத்துக்கோ தளங்களுக்கோ திரை போடாது. இது பற்றி அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில், திரட்டி வைத்திருந்த ஏராளமான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024-இல் ஒப்புக்கொண்டது.

என் கணிப்பில், எந்த உலாவி என்பதைவிட முக்கியமானது அது புதுப்பிக்கப்பட்டதா என்பது. பாதுகாப்பு ஓட்டைகள் வாரந்தோறும் கண்டறியப்பட்டு அடைக்கப்படுகின்றன. பழைய விண்டோஸ் 7 கணினியில் 2023-க்குப் பின் குரோம் புதுப்பிக்கப்படுவதில்லை. அப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டு உடைந்த வீட்டில் நகையை வைத்துவிட்டு ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும். நமக்காகத் தானே படித்து, தானே பொத்தானை அழுத்தும் செயற்கை நுண்ணறிவு உலாவிகள் 2025 முதல் வரத் தொடங்கியுள்ளன. தீயவர் ஒரு பக்கத்தில் ஒளித்து எழுதிய சொற்களைக்கூட அவை உரிமையாளரின் கட்டளையாகக் கொள்ளக்கூடும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரிக்கின்றனர். வங்கிக் கணக்கின் பக்கத்தில் அவற்றை நான் விடமாட்டேன்.

இப்போது என் கணினியில் இரண்டு உலாவிகள் உள்ளன. வங்கி, வரி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்குக் குரோமியம் வகையைச் சேர்ந்த ஒன்று. அரசுத் தளங்கள் சில அதில் மட்டுமே ஒழுங்காகத் திறக்கின்றன. எக்ஸ்புளோரர் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் நீட்சி எதுவும் இல்லை. அறிவிப்பு அனுமதி எந்தத் தளத்துக்கும் இல்லை. படிப்பதற்கும் தேடுவதற்கும் ஃபயர்ஃபாக்ஸ், விளம்பரத் தடுப்புடன். செய்தித்தாள் தளங்களுக்கு மட்டும் அந்தத் தடுப்பை நீக்கி வைத்திருக்கிறேன். விளம்பர வருவாய் இல்லாமல் இந்தப் பக்கமும் வராது என்பதைப் பொருளியல் ஆசிரியன் மறந்துவிட முடியாதல்லவா?

இந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சேமித்திருந்த புத்தகக்குறிகளைப் புதிய உலாவி தானே எடுத்துக்கொண்டது. மனைவியின் கைபேசியிலும் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "அறிவிப்பு மட்டும் வராம பண்ணிக் கொடுங்க, மத்தது இருந்தபடியே இருக்கட்டும்" என்றார். அப்படியே செய்து கொடுத்தேன்.