சானியா மிர்ஸாவின் 2015: எமது பெண்பிள்ளைகளுக்காக அந்த ஓர் ஆண்டைத் திரும்பிப் பார்ப்போம்

சானியா மிர்ஸா என்ற பெயரை எமது ஊர்களில் எடுத்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டு விடயங்களில் போய் நிற்கும். ஒன்று அவர் அணிந்த ஆடை. மற்றது பாகிஸ்தான் கிரிக்கெட் வீரரோடு நடந்த அவரது திருமணம். மைதானத்தில் அவர் என்ன சாதித்தார் என்று கேட்டால், "டென்னிஸ் விளையாடினார்" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. களனியில் என் வீட்டைச் சுற்றியுள்ள பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். கிரிக்கெட் ஓட்டக் கணக்குகளை மனப்பாடமாக ஒப்புவிக்கும் வீடுகளிலும் இதே நிலைதான்.

தெற்காசியாவில் ஒரு நடுத்தர முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த பெண்ணொருவர், உலகின் முதலாம் இடத்துக்குச் சென்று, ஓர் ஆண்டின் மிகப்பெரிய நான்கு போட்டித்தொடர்களில் இரண்டை வென்றிருக்கிறார். அது எப்படி நடந்தது என்பதை எமது பிள்ளைகளுக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டாமா? அதற்கான சிறு முயற்சியே இக்கட்டுரை.

டென்னிஸ் ஆண்டு எப்படி ஓடுகிறது?

கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். டென்னிஸில் அதற்கு நிகரான போட்டிகள் ஒரே ஆண்டில் நான்கு முறை வருகின்றன. இவற்றையே கிராண்ட் ஸ்லாம் என்கிறார்கள். ஜனவரியில் மெல்பேர்னில் அவுஸ்திரேலிய பகிரங்கத் தொடர், மே மாத இறுதியில் பாரிஸில் பிரெஞ்சுத் தொடர், ஜூன், ஜூலையில் லண்டனில் விம்பிள்டன், ஓகஸ்ட் இறுதியில் நியூயோர்க்கில் அமெரிக்கத் தொடர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நடைபெறும்.

தரையும் இடத்துக்கு இடம் மாறும். மெல்பேர்னிலும் நியூயோர்க்கிலும் கடினத் தரை. பாரிஸில் செம்மண் தரை. அங்கே பந்து மெதுவாக வந்து உயரமாக எழும். விம்பிள்டனில் புல்தரை. அங்கே பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு விரையும். ஒரு தரையில் வெல்பவர் இன்னொரு தரையில் திணறுவது சாதாரணம். நான்கையும் ஒரே ஆண்டில் ஒற்றையர் பிரிவில் வென்ற பெண்கள் வரலாற்றில் மூவர் மட்டுமே: 1953இல் மொரீன் கொனலி, 1970இல் மார்கரெட் கோர்ட், 1988இல் ஸ்டெபி கிராஃப்.

தரவரிசை 52 வாரக் கணக்கில் ஓடுகிறது. ஒரு கிராண்ட் ஸ்லாமை வென்றால் 2000 புள்ளிகள். அடுத்த ஆண்டு அதே தொடர் வரும்போது பழைய புள்ளிகள் கழிந்துவிடும், மீண்டும் வென்றால்தான் தக்கவைக்கலாம். எனவே ஒருநாள் அதிர்ஷ்டத்தில் யாரும் முதலாம் இடத்துக்கு வர முடியாது. ஓர் ஆண்டு முழுவதும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு தரைகளில் தொடர்ந்து வென்றாக வேண்டும்.

இரட்டையர் ஆட்டம் என்பது ஒற்றையரின் குறைந்த வடிவமும் அல்ல. மைதானத்தின் அகலம் 8.23 மீற்றரிலிருந்து 10.97 மீற்றராக விரிகிறது. ஒருவர் வலையருகே நிற்க, மற்றவர் பின்கோட்டில் நிற்பார். பந்து பறக்கும் ஒரு கணத்துக்குள், அதை யார் எடுப்பது, எந்த இடைவெளியை யார் அடைப்பது என்று இருவரும் வாய் திறக்காமலே முடிவெடுக்க வேண்டும். கிராண்ட் ஸ்லாமில் 64 இணைகள் மோதும். கிண்ணத்தை வெல்ல ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டும்.

காயத்திலிருந்து பிறந்த ஆண்டு

சானியா 1986இல் மும்பாயில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். ஆறு வயதில் டென்னிஸ் மட்டையைப் பிடித்தார். தந்தை இம்ரான் மிர்ஸாவே அவருக்குப் பயிற்சியளித்தார். 2003இல் விம்பிள்டன் கனிஷ்ட பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார். 2005இல் தன் சொந்த நகரான ஹைதராபாத்தில், பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடம் வரை உயர்ந்தார்.

அதன் பின்னர்தான் சோதனை. மணிக்கட்டுக் காயமும் சத்திரசிகிச்சைகளும் அவரை மீண்டும் மீண்டும் வீழ்த்தின. 2013இல் ஒற்றையர் ஆட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. பலருக்கு அது பயணத்தின் முடிவாக இருந்திருக்கும். உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று கணக்கிட்ட சானியா இரட்டையர் ஆட்டத்தில் முழுக் கவனத்தையும் வைத்தார்.

2015 ஜனவரி நன்றாகவே தொடங்கியது. அமெரிக்காவின் பெத்தனி மட்டெக்-சான்ட்ஸுடன் சிட்னி பட்டத்தை வென்றார். ஆனால் அவுஸ்திரேலியத் தொடரின் பெண்கள் இரட்டையரில் அவரால் வெகுதூரம் செல்ல முடியவில்லை. மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தின் மார்டினா ஹிங்கிஸுடன் கைகோத்தார். 1997இல் பதினாறு வயதிலேயே ஒற்றையரில் உலகின் முதலாம் இடத்தைப் பிடித்த ஹிங்கிஸ், இரண்டு முறை ஓய்வு பெற்றுத் திரும்பி வந்திருந்தார். சானியாவிடம் பின்கோட்டிலிருந்து பாயும் பலமான முன்கை அடி இருந்தது. ஹிங்கிஸிடம் வலையருகே பந்தின் போக்கை முன்கூட்டியே கணிக்கும் நுட்பம் இருந்தது. ஒருவரின் குறையை மற்றவரின் நிறை மூடியது.

முதல் மூன்று தொடர்களையும், இந்தியன் வெல்ஸ், மியாமி, சார்ள்ஸ்டன் என, இந்த இணை வரிசையாக வென்றது. 2015 ஏப்ரல் 13ஆம் திகதி இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலாம் இடம் சானியாவுக்கு. இந்தியப் பெண்ணொருவர் அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் தடவை.

பாரிஸின் செம்மண்ணில் தோல்வி வந்தது. அடுத்த மாதம் விம்பிள்டன். ஜூலை 11ஆம் திகதி இறுதிப்போட்டி. எமக்கெல்லாம் அது ரமழானின் கடைசிப் பத்து நாட்கள். எதிரே ரஷ்யாவின் மகரோவாவும் வெஸ்னினாவும். முதல் செட் 5-7 எனக் கைநழுவியது. இரண்டாவது செட்டை டை-பிரேக்கில் மீட்டார்கள். மூன்றாவது செட்டில் 2-5 எனப் பின்தங்கினார்கள். எதிரணிக்கு இன்னும் ஒரேயொரு கேம் போதும். அங்கிருந்து 5-5 வரை ஏறி வந்தபோது வெளிச்சம் குறைந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி, கூரையை மூடி, விளக்குகளைப் போட்டார்கள். திரும்பி வந்த இருவரும் அடுத்த இரண்டு கேம்களையும் வென்று 7-5 என ஆட்டத்தை முடித்தார்கள்.

செப்டம்பர் 13ஆம் திகதி நியூயோர்க்கில் டெல்லாக்குவா, ஷ்வெடோவா இணையை 6-3, 6-3 என எளிதாக வென்று அமெரிக்கப் பட்டமும் வந்தது. பின்னர் குவாங்சோ, வூஹான், பெய்ஜிங், சிங்கப்பூரில் நடந்த ஆண்டிறுதித் தொடர் என எங்கும் வெற்றி. அந்த ஓர் ஆண்டில் மட்டும் சானியா வென்ற இரட்டையர் பட்டங்கள் பத்து. 2016 ஜனவரியில் அவுஸ்திரேலியப் பட்டமும் சேர, மூன்று கிராண்ட் ஸ்லாம்களை அடுத்தடுத்து வென்றவர்களானார்கள். பெப்ரவரியில் டோஹாவில் தோற்கும் வரை 41 ஆட்டங்களில் தொடர்ச்சியாக இந்த இணையை யாராலும் வீழ்த்த முடியவில்லை.

ஆடையைப் பற்றிய பேச்சு

2005இல் சானியாவின் விளையாட்டு ஆடைக்கு எதிராக ஒரு ஃபத்வா வெளியானது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. கொல்கத்தாவில் நடந்த தொடரில் பலத்த பாதுகாப்போடுதான் விளையாட வேண்டியிருந்தது.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். ஆடையின் எல்லை என்ன என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். சானியாவின் ஆடையை எமது பிள்ளைகள் பின்பற்ற வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. என் கேள்வி வேறு. "இந்த ஆடை சரியா?" என்பது ஒரு கேள்வி. "பெண்பிள்ளை விளையாடலாமா?" என்பது இன்னொரு கேள்வி. முதலாவதுக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதின் கதவை நாம் மூடிவிடுகிறோம்.

உலக விளையாட்டு விதிகள் இந்த இடைக்காலத்தில் நிறையவே மாறிவிட்டன. தலையை மறைத்து விளையாட சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014இல் அனுமதித்தது. கூடைப்பந்தில் 2017இல் அனுமதி வந்தது. பெண்கள் டென்னிஸ் சங்கம் 2019 முதல், பாவாடை இல்லாமலே கால்களை முழுமையாக மூடும் காற்சட்டையுடன் விளையாடலாம் என்று விதியைத் தெளிவுபடுத்தியது. உள்ளூர்ப் பயிற்சியில் இந்தக் கட்டுப்பாடுகளும் கிடையாது. முழுக்கை மேலாடையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, தலையை மறைத்து, பெண்களுக்கு மட்டுமான நேரத்தில் விளையாட எமக்கு என்ன தடை?

டென்னிஸில் இன்னொரு வசதியும் உண்டு. எதிராளிக்கும் நமக்கும் நடுவே வலை இருக்கிறது. உடல் மோதல் இல்லை. கிராண்ட் ஸ்லாம்களின் பரிசுத்தொகையிலும் பாகுபாடு இல்லை: 1973இல் அமெரிக்கத் தொடர் ஆண், பெண் இருபாலாருக்கும் சம பரிசுத்தொகை வழங்கத் தொடங்கியது, 2007க்குள் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் அந்த நிலை வந்துவிட்டது.

சானியாவுக்குப் பிறகு

2022இல் துனீசியாவின் ஒன்ஸ் ஜபூர் விம்பிள்டன், அமெரிக்கத் தொடர் இரண்டிலும் ஒற்றையர் இறுதிப்போட்டிக்கு வந்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு முன்னேறிய முதல் அரபுப் பெண் அவர். அந்த விம்பிள்டன் இறுதிப்போட்டி நடந்த தினம் ஜூலை 9. கொழும்புக் கோட்டையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த அதே தினம். மறுநாள் எமக்கு ஹஜ்ஜுப் பெருநாள். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாங்கள் அந்த ஆட்டத்தைக் கவனிக்காமல் போனதில் வியப்பில்லை. கசகஸ்தானுக்காக ஆடிய எலேனா ரிபாகினாவிடம் முதல் செட்டை வென்றும் ஜபூர் தோற்றார். ஆனால் அவர் திறந்த கதவு திறந்தே இருக்கிறது.

எமது கையில் என்ன இருக்கிறது?

என் மூத்த மகள் தரம் 8 வரை பாடசாலையில் வலைப்பந்து விளையாடினாள். தரம் 9இல் அந்த அணியே இல்லாமல் போயிற்று. பொறுப்பாசிரியை மாற்றலாகிப் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை, கேட்கப் போன பெற்றோர் என்னையும் சேர்த்து மூவர் மட்டுமே. பாடசாலையைக் குறை சொல்லி என்ன பயன்? முப்பது பேர் போயிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். பதின்மூன்று வயதோடு பிள்ளையின் விளையாட்டு முடிந்து, மாலை முழுவதும் டியூஷன், இரவு முழுவதும் கைத்தொலைபேசி என்று ஆகிவிடுகிறது. நாற்பது வயதில் எமது பெண்களுக்கு நீரிழிவும் மூட்டு வலியும் வரும்போதுதான் வைத்தியர் "நடக்கப் பழகுங்கள்" என்கிறார்.

டென்னிஸ் பணக்கார விளையாட்டு என்பார்கள். ஓரளவு உண்மைதான். 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தபோது, இறக்குமதியாகும் மட்டையும் பந்தும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போயின. ஆனால் தொடங்குவதற்கு முழு மைதானம் தேவையில்லை. முழு மைதானத்தின் நீளம் 23.77 மீற்றர். சிறு பிள்ளைகளுக்காகச் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 11 மீற்றர் நீள மைதானத்தையும் வேகம் குறைந்த சிவப்புப் பந்தையும் அறிமுகப்படுத்தியிருக்கிறது. அதற்கடுத்த நிலையில் செம்மஞ்சள் பந்து, பின்னர் பச்சைப் பந்து. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் 2012 முதல் இந்தப் பந்துகளையே பயன்படுத்துகிறார்கள். பாடசாலை முற்றத்தில் ஒரு கயிற்றைக் கட்டினால் 11 மீற்றர் மைதானம் தயார். தனியாகப் பழக ஒரு சுவர் போதும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். வாப்பாமாருக்கு: மகனைக் கிரிக்கெட் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் அதே வாகனத்தில் மகளுக்கும் இடம் கொடுங்கள். சானியாவின் கதை ஒரு தந்தை கொடுத்த நேரத்தில்தான் தொடங்கியது. பழைய மாணவர் சங்கங்களுக்கு: கட்டடத்துக்குத் திரட்டும் பணத்தில் சிறு பகுதியை ஒரு பெண் பயிற்றுநரின் கொடுப்பனவுக்கு ஒதுக்குங்கள். பள்ளிவாசல் நிருவாகங்களுக்கு: உங்கள் மண்டபமோ காணியோ வாரத்தில் இரண்டு மாலை வெறுமையாகக் கிடந்தால், மறைப்புக் கட்டி, பெண்களுக்கென்று ஒதுக்கித் தாருங்கள். எல்லைகளை நீங்களே வகுத்துத் தரலாம். விளையாட இடத்தை மட்டும் மறுத்துவிடாதீர்கள்.

இவர்களில் ஒருத்தியாவது விம்பிள்டன் போவாளா என்பது அல்லாஹ்வின் நாட்டம். 2-5 எனப் பின்தங்கும் நேரத்தில் மட்டையைக் கீழே போடாமல் அடுத்த பந்துக்குத் தயாராகும் பழக்கம் பரீட்சை மண்டபத்திலும் தொழிலிலும் குடும்பத்திலும் கைகொடுக்கும். அந்தப் பழக்கத்தை எமது மகள்மாருக்குக் கொடுப்பது எமது கையில்தான் இருக்கிறது.