எரிந்தால் எங்கே மாற்றுவது? சிறு முதலில் சி.என்.சி. இயந்திரம் அமைப்போருக்கு

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் எமது மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். நீரிறைக்கும் இயந்திரத்தைச் சிறிதளவு பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினார்கள். எந்தக் கருவியானாலும் அதைத் தாமே கழற்றிப் பூட்டித் திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அக்காலம் கற்பித்த பாடம். கணினியால் இயங்கும் சிறிய வெட்டு இயந்திரம் ஒன்றை அமைக்க எண்ணுவோருக்கு இன்றும் அப்பாடம் பயன்படும்.

சி.என்.சி. எனப்படும் இவ்வியந்திரத்தில் சுழலும் வெட்டலகு ஒன்றை மூன்று மோட்டர்கள் இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகர்த்துகின்றன. கணினியில் வரைந்த எழுத்தையோ பூவேலையையோ அது பலகையில் செதுக்கும். வீட்டுப் பெயர்ப்பலகை, கதவுக்கான சிறு அலங்காரம், பரிசுப் பொருள் போன்றவற்றுக்கு இது உதவும். 1952 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இவ்வகை இயந்திரம் முதலில் காட்டப்பட்டபோது, வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அதன் கட்டுப்பாட்டுக் கருவி பெரிய அலுமாரிகளை நிரப்பியது. இன்று அவ்வேலையை உள்ளங்கையளவுப் பலகை செய்கிறது. நகரத்தாருக்கு மட்டும் உரியதாகவும் இத்தொழில்நுட்பம் இருக்கவில்லை. இந்தியாவில் பூனா நகருக்கு அருகிலுள்ள பாபல் கிராமத்தின் விஞ்ஞான் ஆசிரமத்தில், கணினி வெட்டுக் கருவிகள் கொண்ட பட்டறை 2002 இலேயே தொடங்கப்பட்டது.

இடம்பெயர்ந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கியிருக்கும் குடும்பத்து இளைஞர் ஒருவர் இவ்வேலையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாகம் எரிந்தால், வெள்ளவத்தையில் புகையிரதம் ஏறிக் கோட்டையில் இறங்கிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மாற்றுப் பாகம் தேடலாம். ஆனால் காணி கிடைத்துக் குடும்பம் கிளிநொச்சிக்குத் திரும்பினால், அதே பாகத்துக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்யவேண்டும். ஆகவே வாங்கும்போதே கேட்கவேண்டிய கேள்வி, "எது மலிவு?" என்பது மட்டுமன்று. "எரிந்தால் எதை மாற்றவேண்டும், எங்கே மாற்றலாம்?" என்பதே முதற் கேள்வி.

மூன்று உறுப்புகள்

கட்டுப்பாட்டுக் கருவியில் மூன்று உறுப்புகள் உண்டு. கணினியின் கட்டளையை வாங்கி, எந்த மோட்டர் எத்தனை அடி நகரவேண்டும் எனக் கணக்கிடுவது மூளைப் பலகை. அக்கணக்கின்படி மோட்டருக்கு மின்னோட்டம் கொடுப்பது டிரைவர். இவற்றுக்கு மின்சாரம் வழங்குவது பவர் சப்ளை. மூளைப் பலகையிலும் பார்க்க டிரைவரே எளிதில் எரியும் உறுப்பு என்பதை மனதிற் கொள்ளவேண்டும்.

மூளைக்கு அதிக பணம் தேவையில்லை

ஆர்டுயினோ ஊனோ என்னும் மலிவான பலகையும், ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவச மென்பொருளும் சிறிய இயந்திரத்துக்குப் போதும். நோர்வே நாட்டவரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009 இல் தொடக்கிய மென்பொருள் இது.

போதுமா என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். வழமையான ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 அடிகள் வைக்கும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200 நுண்ணடிகள். திருகுத்தண்டு ஒரு சுற்றில் 8 மில்லிமீற்றர் நகர்த்தினால், ஒரு மில்லிமீற்றருக்கு 400 நுண்ணடிகள். ஊனோ பலகையால் செக்கனுக்கு ஏறக்குறைய 30,000 நுண்ணடிகள் கொடுக்க முடியும். அதாவது செக்கனுக்கு 75 மில்லிமீற்றர். சிறிய இயந்திரம் மரத்தில் வெட்டும் வேகம் இதிலும் மிகக் குறைவு. ஆகவே விலை கூடிய மூளைப் பலகையால் வெட்டு விரைவு பெறாது. கட்டளையை அனுப்பப் பழைய மடிக்கணினி ஒன்று போதும்.

ஒரே பலகையா, பிரித்த பலகைகளா?

மூளையும் மூன்று டிரைவர்களும் ஒன்றாக ஒட்டப்பட்ட பலகைகள் விற்பனைக்கு உண்டு. பொருத்துவது இலகு; கம்பிகளும் குறைவு. ஆனால் ஒட்டிய டிரைவர் ஒன்று எரிந்தால் முழுப் பலகையையும் மாற்ற நேரும். ஆர்டுயினோவின் மேல் சி.என்.சி. ஷீல்ட் என்னும் இணைப்புப் பலகையைப் பூட்டி, அதில் டிரைவர்களைத் தனித்தனியே செருகும் முறையில் எரிந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். திரும்பிச் செல்லும் எண்ணம் உள்ளவர்களுக்கு இதுவே ஏற்றது. மூன்று மோட்டருக்கு ஐந்து டிரைவர் வாங்கி, இரண்டைக் கைவசம் வைத்திருங்கள்.

பழைய கணினியின் பிரின்டர் துவாரத்தில் பூட்டும் பலகைகளும் மலிவாகக் கிடைக்கக்கூடும். இன்றைய கணினிகளில் அத்துவாரம் இல்லை. கணினி பழுதானால் பலகையும் பயனற்றுப் போகலாம்.

மோட்டருக்கு ஏற்ற டிரைவர்

முதலில் மோட்டரின் அம்பியர் அளவைப் பாருங்கள். நீமா 17 எனப்படும் 42 மில்லிமீற்றர் முகமுடைய சிறு மோட்டருக்கு ஏ 4988, டி.ஆர்.வி. 8825, டி.எம்.சி. 2209 ஆகிய செருகு டிரைவர்கள் பொருந்தும். இவற்றில் ஏ 4988 வெப்பத்தகடு இல்லாமல் ஏறத்தாழ 1 அம்பியர்தான் தாங்கும். டி.எம்.சி. 2209 ஓசை குறைந்தது. அடுக்கு வீட்டில் அயலவருடன் வாழ்வோர் இதைக் கவனிக்கலாம். நீமா 23 எனப்படும் பெரிய மோட்டருக்குச் செருகு டிரைவர் போதாது. டி.பி. 6600, டி.எம். 542 போன்ற பெட்டி வடிவ டிரைவர்கள் வேண்டும். மலிவான டி.பி. 6600 பெட்டிகளில் 4 அம்பியர் என எழுதியிருந்தாலும் 3 அம்பியருக்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம்.

டிரைவர்கள் எரிவதற்குப் பெரும்பாலும் மூன்று தவறுகளே காரணம்.

1. திசை மாற்றிச் செருகுதல். பலகையில் உள்ள குறியையும் டிரைவரில் உள்ள குறியையும் ஒப்பிட்டே செருகவேண்டும்.
2. மின்சாரம் இருக்கும்போது மோட்டர்க் கம்பியைக் கழற்றுதல். இதை ஒருபோதும் செய்யக்கூடாது.
3. மின்னோட்டத்தை அளவிடாமல் ஓட்டுதல். டிரைவரில் உள்ள சிறு திருகைத் திருப்பி, மல்டிமீற்றரால் அளந்து வைக்கவேண்டும். 0.1 ஓம் தடை பொருத்திய ஏ 4988 இல் 0.8 வோல்ற்று என்பது 1 அம்பியர் ஆகும். முதலில் குறைவாக வைத்து, மோட்டர் அடி தவறினால் மட்டும் சிறிது கூட்டுங்கள்.

மின்சாரமும் பாதுகாப்பும்

மோட்டர்களுக்கு 12 வோல்ற்றை விட 24 வோல்ற்று நல்லது. வேகம் கூடும்போது இழுவலு அதிகம் குறையாது. சிறிய மூன்று மோட்டருக்கு 24 வோல்ற்று, 5 அம்பியர் பவர் சப்ளை போதும். வெட்டலகைச் சுழற்றும் மோட்டருக்கு வேறு பவர் சப்ளை வைப்பது நன்று. சில பவர் சப்ளைகளில் 115, 230 எனச் சிறு சுவிட்ச் இருக்கும். எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. செருகுமுன் அதைப் பார்க்கத் தவறினால் வாங்கிய அன்றே எரிந்துவிடும். ஏர்த் கம்பி இல்லாமலும் டிரிப் சுவிட்ச் இல்லாத வீட்டு இணைப்பிலும் இதை இயக்கவேண்டாம்.

கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்தப் பொத்தான் ஒன்று கட்டாயம் வேண்டும். அது கணினிக்குச் செய்தி அனுப்புவதாக மட்டும் இராமல், மோட்டருக்கும் வெட்டலகுக்கும் செல்லும் மின்சாரத்தையே துண்டிக்கவேண்டும்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் நின்றால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். எல்லைச் சுவிட்சுகள் பூட்டியிருந்தால் அது மூலைக்குச் சென்று தன் தொடக்க இடத்தைக் கண்டுகொள்ளும். வெட்டிய பலகை வீணாகாது. ஷீல்ட் மூன்றாம் பதிப்பைப் பாவிப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜி.ஆர்.பி.எல். 1.1 இல் மேல் கீழ் எல்லைச் சுவிட்சின் கம்பியை, 'இசட்' எனக் குறித்த ஊசியில் அன்றி, 'ஸ்பின்டில் எனேபிள்' எனக் குறித்த 12 ஆம் ஊசியில் பூட்டவேண்டும்.

வாங்குமுன்

2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பாகங்களின் விலை வெகுவாக ஏறியது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக் கடன்படாதீர்கள். முதலில் ஆர்டுயினோ, ஒரு டிரைவர், ஒரு மோட்டர், பவர் சப்ளை மட்டும் வாங்கி மேசையில் ஓட்டிப் பாருங்கள். அது சரியாக ஓடியபின் மற்றவற்றை வாங்கலாம். மலிவு ஆர்டுயினோக்கள் பலவற்றில் சி.எச். 340 என்னும் சில்லு உள்ளது. அதற்குரிய மென்பொருளைக் கணினியில் ஏற்றினாற்றான் பலகை தென்படும். தெரியாதவர் பலகை பழுது என எண்ணி எறிந்துவிடக்கூடும்.

எந்தப் பலகையும் ஆட்டங்காணும் சட்டத்தை உறுதியாக்காது. வேலை தருவோர் யார் என்பதைப் பெயர்ப்பலகைக் கடைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் முன்னரே விசாரியுங்கள்.

கடைசியாக, மூன்று உறுப்புகளையும் மரத்தூள் புகாத ஒரு பெட்டியில் பூட்டிச் சிறு விசிறி வையுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள். திருகு எவ்வளவு திருப்பினீர்கள், எந்த எண்ணைப் பதிந்தீர்கள் என்பதை அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதிப் பெட்டியுடன் வையுங்கள். ஊர் திரும்பும் நாளில் அப்பெட்டியையும் மேலதிக டிரைவர்களையும் பயணப் பையில் கொண்டுபோகலாம். அங்கே ஒன்று எரிந்தாலும் கொப்பியைப் பார்த்து வீட்டிலுள்ள இன்னொருவர் மாற்றிப் பூட்டுவார். அன்றைய வேலை அன்றே முடியும்.