எவரெஸ்ட் ஏறத் திட்டமிடல்

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8848.86 மீற்றராகும். அதன் உச்சியில் வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்திலுள்ளதன் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகும். எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவுக்குக் குறையும். இதனால், வழிகாட்டிகளுடன் செல்லும் குழு பின்வருவனவற்றை முன்கூட்டியே தீர்மானிக்கும்.

1. காலம்: உச்சியில் கடுங்காற்று தணியும் மே மாதம் பெரும்பாலும் தெரிவுசெய்யப்படும்.

2. இசைவாக்கம்: மேல் முகாம்களுக்குப் பலமுறை ஏறி இறங்கி, உடல் வாரக்கணக்கில் பழக்கப்படுத்தப்படும்.

3. ஒட்சிசன்: ஏறுவதற்கு மட்டுமன்றி இறங்குவதற்கும் போதுமான சிலிண்டர்கள் கணக்கிடப்படும்.

4. திரும்பும் நேரம்: குறித்த நேரத்தினுள் உச்சியை அடையாதவர் எவ்விடத்தில் நின்றாலும் திரும்புதல் வேண்டும்.

நான்காவது விதியே உயிர்காப்பது. 1996 மே 10 ஆம் திகதி பலர் பிற்பகல் 2 மணிக்குப் பின்னரும் ஏறினர். இறங்குகையில் புயல் சூழ்ந்தது. அன்றும் மறுநாளும் அம்மலையில் எண்மர் உயிரிழந்தனர். அனுபவமிக்க வழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர்.

2016 இல் இலங்கையரான ஜொஹான் பீரிஸ் ஒட்சிசன் குறைந்தமையால் ஏறத்தாழ 8400 மீற்றரில் திரும்பினார். 2018 இல் மீண்டும் சென்று உச்சியை அடைந்தார்.

நினைவிற் கொள்க: உச்சி பயணத்தின் பாதியே. பாதுகாப்பாக இறங்கும்வரை திட்டம் நிறைவுபெறுவதில்லை.